பச்சைக் காரில் இரண்டு குரல்கள்

பொங்கியண்ணன் அந்தக் காரை வாங்கியபோது முதலமடையில் யாரும் அதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டையில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து, கரண்ட் வைத்து, அப்போதுதான் உடம்பு தேறி வந்துகொண்டிருந்த மனிதர். மாந்தோப்பும் மாங்காய் மண்டியும் பார்க்கிற குடும்பம். வாசலில் நிற்பதெல்லாம் டிராக்டரும் பிக்கப் வேனும்தான். அங்கே கொண்டுவந்து, இரண்டே சீட்டு உள்ள, தரையை உரசிக்கொண்டு நிற்கிற ஒரு கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தினால் ஊர் சும்மா இருக்குமா? நோய் வந்து மனுசனுக்குப் புத்தி மாறிப்போச்சு என்றார்கள்.

அவருடைய மருமகள் மௌனிகா மட்டும் அப்படி நினைக்கவில்லை. காரைப் பார்த்த உடனேயே அவளுக்கு அதன் மேல் ஆசை விழுந்துவிட்டது. ஓட்டப்போவதும் அவள்தான் என்று தெரிந்தபோது தலைகால் புரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மாமனாரின் கழுத்து வலப்பக்கம் திரும்பாது. நேரே பார்ப்பார், இடப்பக்கம் திரும்புவார், அவ்வளவுதான். வலது கண்ணாடியைப் பார்க்க முடியாத ஆள் எப்படி ஓட்டுவது? மகன் கோகுல்நாத் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க, அவர் சாவியை மருமகளிடம் நீட்டினார்.

"அவன் பிரேக்கு மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறவன். நீ ஓட்டு கண்ணு."

அதைக் கேட்க மௌனிகா அவர் வாயருகே குனிய வேண்டியிருந்தது.

முன்பு அப்படியில்லை. தோப்பின் இந்தக் கடைசியில் நின்று அந்தக் கடைசியில் மரத்தின் மேல் இருப்பவனை அதட்டுகிற குரல் அவருக்கு. மண்டியில் விலை பேசும்போது ரோட்டில் போகிற பஸ்காரர்களுக்கும் அன்றைய மாங்காய் விலை தெரிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். இப்போது அந்தக் குரல் இருந்த இடத்தில் வெறும் காற்று. உதடும் நாக்கும் அந்தக் காற்றை வைத்துக்கொண்டு சொற்களைச் செய்தன. அவர் வாயைத் திறந்தால் யாராவது எழுந்து போய் ஃபேனை நிறுத்துவார்கள். டி.வி. நிற்கும். அடுப்படியில் ஓடுகிற மிக்ஸி நிற்கும். அவர் இரண்டு வார்த்தை சொல்லி முடிப்பதற்காக வீடே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மரியாதை அவருக்குப் பிடிக்கவில்லை. மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். செல்போனை அலமாரியில் போட்டு வைத்தார்.

காரில் ஏறினால் மட்டும் முகம் மலரும். அந்தக் காருக்குக் குரல் இருந்தது. குரல் என்ன குரல், அலறல். முதலில் வைத்திருந்தவன் எவனோ, கம்பெனி பொருத்திய சைலன்சர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரே நேர்க்குழாயாகப் போட்டிருந்தான். ஸ்டார்ட் செய்தால் தோப்பில் இருக்கிற மயில்களெல்லாம் பதிலுக்குக் கத்தும். கொல்லங்கோட்டில் ஒரு தடவை வண்டிச் சோதனைக்காரர்கள் மறித்து, இனி இப்படிப் பார்த்தால் விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பொங்கியண்ணன் சிரித்துக்கொண்டார். இன்ஜின் உச்சத்துக்கு ஏறும்போது உள்ளங்கையால் கதவில் தாளம் போடுவார்.

அந்தத் தாளம்தான் ஒரு நாள் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடப் பார்த்தது.

பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி. மௌனிகா அதைத் தாண்ட வழி பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் பாட்டிலில் தண்ணீர் குடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. தண்ணீர் போகக்கூடாத வழியில் போய் மூச்சை அடைத்துக்கொண்டது. நிறுத்து, நிறுத்து என்றார். இன்ஜின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? அவள் பக்கம் திரும்பவும் முடியாது. கதவைத் தட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்து மௌனிகா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். லாரியைத் தாண்டிச் சிரிப்போடு திரும்பிப் பார்த்தால், அவர் முகம் கறுத்திருந்தது.

ஓரங்கட்டி, கதவைத் திறந்து, முன்னால் சாய்த்து முதுகில் தட்டினாள். இருமி, துப்பி, மூச்சு திரும்பியது. ரோட்டோரப் புளியமரத்தடியில் அவரை உட்கார வைத்து முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்று அவர்தான் தேற்றினார். கார் அணைந்திருந்ததால் அது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் கோகுல்நாத் ஒரே பிடியாக நின்றான். "வித்துருங்கப்பா. நாளைக்கே ஆளைக் கூட்டீட்டு வாரேன். இதென்ன வெளையாட்டுங்களா?"

பொங்கியண்ணன் கையை ஆட்டினார். மாட்டேன் என்பதற்கு அவருக்குக் குரல் தேவைப்படவில்லை.

மறுநாள் மௌனிகா காரை எடுத்துக்கொண்டு, கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற செல்வலட்சுமியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மாமனாரும் கூட வந்தார்.

செல்வலட்சுமி, மூணாறு தாண்டி மலையில் இருக்கிற சாந்தன்பாறைக்காரி. ஏலக்காய் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கோயமுத்தூரில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்து, சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சத்தத்தை மட்டுமே அளக்கிற பிரிவில் சில வருசம் வேலை பார்த்தவள். கூட வேலை செய்த ஷைஜுவைக் கல்யாணம் செய்துகொண்டு, இருவருமாகச் சேர்ந்து அவர் ஊரான இங்கே ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார்கள். வெல்டிங் அவர், காது இவள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். மண்டி வேன்களுக்கு அங்கேதான் வேலை என்பதால் மௌனிகாவுக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்கு உண்மையில் என்ன தெரியும் என்பது இந்த வேலையில்தான் தெரிந்தது.

செல்வலட்சுமி முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. அடியில் குனிந்து பார்க்கவும் இல்லை. காரை ஓட விட்டுவிட்டு, பொங்கியண்ணன் பக்கத்துக் கதவருகே குந்தி உட்கார்ந்தாள்.

"அய்யா, உங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க. மௌனிகா சொல்ல வேணாம்."

ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் கூட வந்தவர்களிடம்தான் கேட்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். செல்வலட்சுமி காரை அணைத்தாள்.

"அம்மிணி, நான் பேசறது இவளுக்குக் கேக்கோணும்," என்றார். பிறகு டேஷ்போர்டைத் தொட்டுக் காட்டினார். "இது பேசறது எனக்குக் கேக்கோணும். ஒரேயடியா ஊமை ஆக்கீறாதே."

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள். "சத்தத்த மொத்தமாக் கொல்றது சுளுவு அய்யா. பாதிய வச்சுக்கிட்டுப் பாதிய எடுக்குறதுதான் வேலை. செஞ்சு பாப்போம்."

ஷைஜு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து மௌனிகாவிடம் திரும்பினார். "சேச்சி, இதுல ஒண்ணுமே இல்லா. வெறும் பைப்பு. பாசிப்பயறு தின்ன மாடு மாதிரி விட்டுட்டு இருக்கு," என்றார். மௌனிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொங்கியண்ணனின் தோளும் குலுங்கியது.

கார் ஒர்க்‌ஷாப்பில் தங்கியது. நடுவில் ஒரு சைலன்சரும் பின்னால் ஒரு பெரிய சைலன்சரும் வைத்தார்கள். இரண்டு குழாய் சேர்கிற இடத்தில் கேஸ்கட் தேய்ந்து புகை கசிந்துகொண்டிருந்தது. அதையும் மாற்றினார்கள். எடுத்து ஓட்டிப் பார்த்தபோது அலறல் போயிருந்தது. மிதித்தால் நல்ல கனமான உறுமல் வந்தது, விட்டால் அடங்கியது. மயில்கள் தங்கள் வேலையைப் பார்த்தன.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை கிளம்பியது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரே சீராகப் போகும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில், காருக்குள் 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கட்டிக்கொண்டது. பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டது போல இருந்தது. கொஞ்ச தூரத்திலேயே மௌனிகாவுக்கு மண்டையிடி வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினால் போய்விடும், குறைத்தால் போய்விடும். சாதாரணமாகப் போகிற அந்த வேகத்தில் மட்டும் பேய் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொன்னபோது செல்வலட்சுமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை மௌனிகா கவனித்தாள். வேறு மெக்கானிக்காக இருந்தால், புதுசுன்னா அப்படித்தான், ஓட ஓடச் சரியாகும் என்று அனுப்பியிருப்பார்கள். இவள் தன் போனில் அந்த இரைச்சலைப் பதிவு செய்து, அது எந்தச் சுருதியில் இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு தாளில் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு ஷைஜுவிடம் ஒரு குழாயை வெட்டச் சொல்லி, அதை சைலன்சர் குழாயின் பக்கவாட்டில் கிளை மாதிரி ஒட்ட வைத்தாள். கிளையின் மறுமுனையை அடைத்துவிட்டாள். எங்கும் போகாத குழாய்.

"இது எதுக்குங்க அக்கா? முட்டுச்சந்து மாதர இருக்குது," என்றாள் மௌனிகா.

"முட்டுச்சந்தேதான். சத்தம் இதுக்குள்ள போய் முட்டித் திரும்பும். திரும்பி வர்ற சத்தமும் நேரா வர்ற சத்தமும் எதிரும் புதிருமா மோதிக்கிட்டா ரெண்டும் செத்துரும். நீளம் சரியா இருந்தா அந்த ஒரு சுருதி மட்டுந்தான் சாகும். மத்தது உசுரோட இருக்கும்."

அது மந்திரம் போடுகிற பேச்சாகத்தான் மௌனிகாவுக்குப் பட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரைச்சல் இல்லை. அதே ரோடு, அதே வேகம், அண்டா காணாமல் போயிருந்தது. அடைத்த ஒரு குழாய்த் துண்டு செய்த வேலை! அவள் காரை நிறுத்தி, மண்ணில் முட்டி போட்டு, அடியில் தொங்கிய அந்தக் குழாயை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறினாள்.

அந்தச் சந்தோசத்தோடு மாமனாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மீன்கரை அணை தாண்டியதும் அவர் வாய் அசைந்தது.

"என்னுங்க மாமா?"

மறுபடியும் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. காரை நிறுத்திய பிறகுதான் கேட்டது. "பொறத்தால ஒரு வேன்காரன் வழி கேக்கறான்னு சொன்னேன்."

இன்ஜின் பாதியாக அடங்கியிருந்தது. அலறல் இல்லை, இரைச்சல் இல்லை. ஆனாலும் ஒரு முழம் தள்ளி இருக்கிற மனிதர் பேசுவது கேட்கவில்லை. மௌனிகாவுக்கு அழுகை வந்தது. கோகுல்நாத் விஷயம் கேள்விப்பட்டு, "நாந்தான் சொன்னனல்ல," என்று மட்டும் சொன்னான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பயத்தில்தான் சொன்னான்.

செல்வலட்சுமி மறுநாள் தோப்புக்கே வந்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து பேக்கிங் ஷெட்டுக்கு இறங்குகிற தனி ரோடு ஒன்று உண்டு. நல்ல சரிவு, குறுக்கே ஆளும் வண்டியும் வராது. மேலிருந்து காரைக் கிளப்பி, இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பிரேக் கனமாக இருக்கும், வலுவாக மிதி என்று எச்சரித்தாள். அய்யா மட்டும் வழி நெடுக ஏதாவது பேசிக்கொண்டே வரவேண்டும்.

கார் உருண்டது. இன்ஜினே இல்லை. அப்படியும், வேகம் பிடிக்கப் பிடிக்க மாமனாரின் பேச்சு தேய்ந்து, கடைசியில் காற்றோடு காற்றாகப் போய்விட்டது. ஷெட்டருகே நிறுத்தி இறங்கிய மௌனிகா உதட்டைப் பிதுக்கினாள்.

"கேக்கலீங்க அக்கா. இன்ஜின் இல்லாமயும் கேக்கல."

செல்வலட்சுமி கை தட்டினாள். உண்மையாகவே இரண்டு கையையும் தட்டினாள்.

"அப்ப நான்தான் தப்பான சத்தத்த வெரட்டிக்கிட்டு இருந்துருக்கேன்! அய்யா பேச்சுல என்ன இருக்கு? வெறும் காத்து. ஸ்ஸ், ஃப்ஃப், க்க்... கதவிடுக்குல வர்ற காத்தும், டயரு ரோட்டுல தேயுற சத்தமும் அதே ரகம். இன்ஜின் வேற ரகம், கனமான சத்தம். யானைக்குப் பக்கத்துல பூனை நின்னாக்கூடத் தெரியும். பூனைக் கூட்டத்துக்குள்ள பூனை நின்னா எப்பிடித் தெரியும்?"

பிறகு பொங்கியண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "அய்யா, எனக்குச் சத்தம் அளக்குற மீட்டர் வேணாம். இனிமே நீங்கதான் மீட்டர். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். நிறுத்தவே கூடாது. சரியா?"

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வெட்கமா பெருமையா என்று சொல்ல முடியாத ஒன்று அதில் ஓடியது. இத்தனை மாதமாக வீடே அவருக்குப் பேச்சை மிச்சப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒருத்தி வந்து, உங்கள் பேச்சு எனக்கு வேண்டும், நிறைய வேண்டும் என்கிறாள்.

அதற்கடுத்த நாட்களில் நடந்த வேலையை மௌனிகா மண்டி வேலைகளை ஆட்களிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். பொங்கியண்ணன் காருக்குள் உட்கார்ந்து பேசுவார். செல்வலட்சுமி வெளியே சுற்றி வருவாள். பேச்சு எந்த இடுக்கு வழியாக வெளியே கேட்கிறதோ, அந்த இடுக்கு வழியாகத்தான் வெளிச் சத்தம் உள்ளே வரும் என்பது அவள் கணக்கு. கதவு ரப்பருக்கு நடுவே செய்தித்தாளைக் கிழித்துச் சொருகிக் கதவைச் சாத்துவாள். தாள் இழுத்தால் கிழிய வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். அவர் உட்காருகிற பக்கத்தில் பாதிக் கதவுக்குத் தாள் உருவிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு தட்டில் சாம்பிராணி போட்டு பானெட்டுக்குள் வைத்து மூடினாள். சற்று நேரத்தில் உள்ளே இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். அவர் காலடியில், இன்ஜினையும் உள்பக்கத்தையும் பிரிக்கிற தகட்டில், முந்தைய ஆள் ஏதோ ஒயரைப் பிடுங்கிய ஓட்டை ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதன் வழியாகப் புகை சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது.

"இங்கொரு ஓட்டை அம்மிணி! பெருசு! கதவுப் பக்கமும் ஒண்ணு!" என்றார் அவர். சாம்பிராணி வாசத்தில் இருமல் வந்தும் வெளியே வர மறுத்துவிட்டார்.

ஒவ்வொன்றையும் அடைத்தார்கள். கதவுகளுக்குப் புது ரப்பர் ஒட்டினார்கள். கதவுத் தகட்டுக்குள்ளும் தரையிலும் கனமான ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தினார்கள். தரையில் ஒட்டும் வேலைக்கு ஒரு நாள் கோகுல்நாத்தே வந்து சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். யாரும் கூப்பிடவில்லை. கட்டையாகிப் போயிருந்த டயர்களை மாற்றி, சத்தம் குறைந்த டயர்களைச் செல்வலட்சுமி தேடிப்பிடித்து வரவழைத்தாள். பின்னாலிருந்து வருகிற உறுமலுக்கு மட்டும் கை வைக்கவில்லை. "அது அய்யாவோட பங்கு," என்றாள்.

அதே தோப்பு ரோட்டில் மறுபடியும் உருட்டினார்கள். இந்த முறை பொங்கியண்ணன் பேசிய ஒவ்வொரு சொல்லும் மௌனிகாவின் இடது காதில் விழுந்தது. கீழே போய் நிறுத்தியதும் அவளால் உடனே இறங்க முடியவில்லை.

"மாமா என்ன சொன்னாரு?" என்று ஓடி வந்து கேட்டாள் செல்வலட்சுமி.

"ஷெட்டுக் கூரைல ரெண்டு ஓடு ஒடஞ்சிருக்குதாம். இவ்வளவு நாளா ஒருத்தரும் பாக்கலையாம். எங்க ரெண்டு பேரையும் வையறாருங்க அக்கா!" என்று மௌனிகா சிரிக்கவும் அழவும் செய்தாள்.

ஆனால் செல்வலட்சுமிக்குத் திருப்தி இல்லை. சரிவில் உருட்டுவது வேறு, மலை ஏறுவது வேறு. "எங்க ஊரு வரைக்கும் போயிட்டு வாங்க. சாந்தன்பாறை ரோட்டுல பேச்சு கேட்டுச்சுன்னா எங்கயும் கேக்கும். எங்க அம்மாகிட்டச் சொல்லிவைக்கிறேன், சாப்பாடு அங்கதான்." அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "யானை நின்னா ஹாரன் அடிக்காதீங்க. உறுமவும் விடாதீங்க. பேசாம நின்னுருங்க, அதும்பாட்டுக்குப் போயிரும்."

மாங்காய் சீசன் முடிந்து, மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில் மாமனாரும் மருமகளும் கிளம்பினார்கள். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர். வழியெல்லாம் பொங்கியண்ணன் பேசிக்கொண்டே வந்தார். அத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பழைய கதைகள் இல்லை. பெரும்பாலும் அவள் ஓட்டுகிற அழகைப் பற்றிய புகார்கள்தான்.

"மூணுக்கு மாத்து. இன்னும் என்ன நாலுலயே இழுக்கற?"

"மாத்தறனுங்க மாமா."

"வளவுக்கு முன்னால பிரேக்கு. வளவுக்குள்ள போயிப் பிரேக்கப் புடிச்சா வண்டி கோவிச்சுக்கும்."

"செரிங்க மாமா."

"அந்த பஸ்ஸுக்காரனுக்கு வழிய உடு. அவன் ஊட்டுக்கு நேரத்துல போகோணும்."

சின்னாருக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் அவள் ஒன்றன்பின் ஒன்றாக கியரை மாற்றி ஏற்றியபோது, பின்னாலிருந்து அந்த உறுமல் திரண்டு எழுந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளங்கை கதவின் மேல் போனது. தாளம் விழுந்தது. வளைவு முடிந்து சத்தம் தணிந்ததும், "ம்ம், இப்பச் சொல்றேன் கேளு," என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். காரும் அவரும் முறை வைத்துப் பேசுவது போல இருந்தது. இரண்டுமே மௌனிகாவுக்குக் கேட்டன. செல்வலட்சுமி எடுத்ததும் விட்டதும் எவ்வளவு சரியான அளவு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இன்னும் கொஞ்சம் அடக்கியிருந்தால் அந்தக் கை கதவின் மேல் போயிருக்காது.

மூணாறு தாண்டி, பூப்பாறையும் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் பெரிய மரங்களின் நிழலில் ஏலக்காய்ச் செடிகள். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஆட்களை ஏற்றிய ஜீப் ஒன்று வளைவைச் சுற்றி நடுரோட்டிலேயே வந்தது. மௌனிகாவின் கண்ணும் கவனமும் முழுக்க வலப்பக்கத்தில், அந்த ஜீப்பின் மேலேயே இருந்தது. அது ஒதுங்கிப் போனதும், நிம்மதியாக மிதிக்கப் போனாள்.

"நில்லு கண்ணு. ஆனை."

அவர் சத்தம் போடவில்லை. போடவும் முடியாது. சாதாரணமாக, ஓடு உடைந்திருக்கிறது என்று சொன்ன அதே குரலில் சொன்னார். அது கேட்டது. அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

இடப்பக்கச் சரிவில், மஞ்சுக்குள்ளே, செடிகளை ஒதுக்கிக்கொண்டு ஒரு பெண்யானை ரோட்டை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. மௌனிகா பார்க்காமல் இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அவற்றின் நேர் முன்னால் போய் நின்றிருப்பாள். தரையோடு கிடக்கிற காரிலிருந்து பார்க்கும்போது அந்த யானை மலை மேல் நிற்கிற இன்னொரு மலையாகத் தெரிந்தது.

இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அணைப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உடு, ஓடட்டும்," என்றார் அவர். "அதுக்கு ஒண்ணும் தொந்தரவில்ல. காதைப் பாரு, ஆட்டீட்டேதான் இருக்குது. பயப்படாதே."

யானை ரோட்டுக்கு ஏறியது. நின்று, துதிக்கையைத் தூக்கி இந்தப் பக்கம் மோந்து பார்த்தது. கார் பழையபடி அலறுவதாக இருந்திருந்தால் இந்நேரம் மலையே அதிர்ந்திருக்கும்.

"குட்டி கீழ நிக்குது. அதுக்கோசரம் பாக்குது. இப்ப வந்துரும் பாரு... வந்துருச்சு... கால வெக்கத் தெரியல அதுக்கு... ஆங், ஏறீருச்சு." அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் காற்றுக் குரலைப் பிடித்துக்கொண்டே அவள் மூச்சை விட்டாள். தாயும் பிள்ளையும் ரோட்டைக் கடந்து, வலப்பக்கத்து மேட்டில் ஏறி மஞ்சுக்குள் மறைந்தன. கழுத்து திரும்பாததால் அவர் அதைப் பார்க்க முடியவில்லை. "போயிருச்சா? எங்க போச்சு? சொல்லு," என்று கேட்டார். இந்த முறை அவள் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார்.

சாந்தன்பாறையில் செல்வலட்சுமியின் அம்மா சாந்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். கறிக்குழம்பு வாசம் ரோடு வரைக்கும் வந்தது. பொங்கியண்ணன் யானைக் கதையை அவரிடம் தாமே சொன்னார். கேட்டவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். உள்ளே டி.வி. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மௌனிகா செல்வலட்சுமிக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். வளைவுகள், உறுமல், ஜீப், யானை, மாமா சொன்ன அந்த மூன்று வார்த்தை. மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். வேற ஏதாச்சும் சத்தம் வருதா? அதச் சொல்லு."

"ஒண்ணு வருதுங்க. பூப்பாறைகிட்ட இருந்து டிக்கு டிக்குன்னு. முன்னால இல்லவே இல்லீங்க. எதாச்சும் ஒடஞ்சிருச்சுங்களா?"

செல்வலட்சுமி சிரித்தாள். "ஒடயல. அது முதல்லருந்தே இருந்துருக்கும். இப்பத்தான் கேக்குது. பெரிய சத்தம் போனா, ஒளிஞ்சுகிட்டு இருந்த சின்னதெல்லாம் வெளிய வரும். எங்கனயிருந்து வருது?"

மௌனிகா யோசித்தாள். முன்னாலா பின்னாலா? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பொங்கியண்ணன் கையை நீட்டினார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அவர் போனைத்தான் கேட்கிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் போனைக் காதில் வைத்ததே கிடையாது. வாங்கி, வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, நாந்தேன். அவளுக்கு ஒண்ணுந் தெரியல. சீட்டுக்குப் பொறத்தால, எடப்பக்கம். இடது வளவுல வாரதில்ல, வலது வளவுலதான் வருது. ஒரு ஸ்க்ரூவாத்தான் இருக்கோணும்... என்ன? கேக்குதா?... கேக்குதுல்ல, அப்பச் செரி. இன்னொண்ணு சொல்றேன் கேளு..."

சாந்தம்மாள் ஏலக்காய் தட்டிப் போட்ட டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்தார்.